முழுகாதவன் மனைவி

என் மனைவி பாவு பிணைக்கிறவள். ஏழு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தைந்தாவது வயதில் செத்துப்போனாள். அவளுடைய சபைக்காரர்கள் 'செத்துப்போனாள்' என்று சொல்ல மாட்டார்கள். 'நித்திரை அடைந்தாள்' என்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அது நித்திரை இல்லை. அவள் தூங்கினால் எனக்குத் தெரியும், குறட்டை விடுவாள்.

பாவு பிணைப்பது என்றால் ஆரணியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுத்தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து தீர்ந்ததும் பழைய இழைகளின் நுனிகள் தறியிலேயே நிற்கும். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த நுனிகளோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் சேலையில் கோடு விழும். தறிக்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிணைக்கிறவள் வந்து உட்கார்ந்தால்தான் அவனுக்கு அடுத்த சேலை.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வருகிற அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் அனுப்பிய ஆள் இவள். அப்போது இருபத்திமூன்று வயது இருக்கும். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம் சொந்த ஊர், ஆரணியில் சித்தி வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். வந்தாள், தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அரை நிமிஷம் ஆயிற்று, திறக்கவில்லை.

"இன்னாம்மா, வந்ததும் தூக்கமா?" என்றேன்.

"ஜெபங்க."

"எதுக்கு?"

"உங்க பாவு சிக்கு இல்லாம வரணும்னு."

"அதெல்லாம் நல்ல பாவுதான்."

"அப்ப சரி, உங்களுக்காகப் பண்ணிடறேன்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு லேசில் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. நாங்கள் சாமி கும்பிடுகிற குடும்பம். அவர்கள் சாமி கும்பிடுகிற வீட்டில் கொடுத்த சுண்டலைக்கூட வாங்காத குடும்பம். அவளுடைய அப்பா ஊர்ச் சபையில் மூப்பர், அதாவது போதகருக்கு அடுத்தபடி பெரிய மனுஷர்களில் ஒருவர். அவர் கடைசிவரை வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். என் அம்மா ஒரே பிடியாக நின்றதால் வீட்டில் மஞ்சள் கயிறும் கட்டினேன். அவள் சபையில் தாலி கட்டும் வழக்கம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் கழுத்தைக் குனிந்து காட்டினாள். பிறகு அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குக் கயிறு கழுத்தில் இருக்கிறது, சபைக்குக் கண்ணில் படவில்லை. இப்படி இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்து நடந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிணைக்கிற பெண்கள் பலரும் பூஜைக் கடையில் விற்கிற விபூதிப் பொட்டலத்தைத்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அடுப்புச் சாம்பலைவிட அது நைஸாக இருக்கும். இவளும் பழைய பவுடர் டப்பாவில் விபூதி போட்டு வைத்திருந்தாள். சபை அக்கா ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நடுக்கூடத்தில் நின்று சத்தம் போட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். தெருவே எட்டிப் பார்த்தது. என் மனைவி பொறுமையாக ஆமென் வரைக்கும் காத்திருந்து, "நெத்தியில வெச்சாத்தான் அக்கா அது விபூதி. விரல்ல வெச்சா சாம்பல்" என்றாள். நான் கைதட்டாத குறை. ஆனால் மறுநாள் பார்த்தால் அடுப்புச் சாம்பலை வேட்டித்துணியில் சலித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மே, ஜெயிச்சிட்டுத் தோத்துப்போறே?" என்றேன்.

"அந்தக்கா பாவங்க, பயந்துகினு போச்சு. சாம்பல்தானே, எதுவா இருந்தா இன்னா?"

எதிலும் அவள் இப்படித்தான் இருந்தாள். யாராவது மனசு நோகிறது என்றால் விட்டுக்கொடுத்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பிடிவாதமே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சபை என்பது எங்கள் தெருவிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம், சீட்டுக் கூரை போட்ட ஒரு நீளமான கூடம். போதகர் முன்னால் களம்பூர் ரைஸ்மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும். கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் மகள் பாப்பாவுக்கு டெங்கு வந்தபோது எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விடுவேன், முடிந்ததும் கூட்டிவருவேன். உள்ளே போனதில்லை. அவளும் வா என்று கூப்பிட்டதில்லை.

பாப்பா பிறந்து ஆறு மாதம் இருக்கும்போது சபையார் பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைக் கையில் வாங்கி ஜெபித்தார் போதகர். காப்பி குடிக்கும்போது என்னைப் பார்த்து, "பிரதர், நீங்க எப்ப முழுகப் போறீங்க?" என்றார். அவர்கள் ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை. பம்ப்செட் தொட்டியில் இறக்கி ஆளையே முக்கி எடுப்பார்கள். அதைத்தான் கேட்டார்.

"நான் முழுகாமத்தான் ஐயா இருக்கேன்" என்றேன். "இது மூணாவது மாசம்."

ஒரு நொடி யாருக்கும் ஓடவில்லை. பிறகு பெண்கள் பக்கம் வெடித்தது. முழுகாமல் இருப்பது என்றால் பிள்ளை உண்டாகியிருப்பது அல்லவா. தலையில் முக்காடு போட்ட சபைப் பெண்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். போதகர் காப்பி புரையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது என் மனைவி. அவள் குலுங்கியதில் மடியில் கிடந்த பாப்பா விழித்துக்கொண்டது.

எனக்கு அந்த ஜோக்கின் மேல் ரொம்பப் பெருமை. டீக்கடையில் சொன்னேன், முதலாளியிடம் சொன்னேன், தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன். போதகரே பிறகு எங்கே பார்த்தாலும், "எத்தனாவது மாசம் பிரதர்?" என்பார். "யானைக்குட்டி போலக்கீது ஐயா, லேசுல வராது" என்பேன். அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். வருஷா வருஷம் இது நடந்தது. அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

கல்யாணமாகிப் பதினோராவது வருஷம் வயிற்று வலி என்றாள். கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்தாள். இரண்டு மாதம் அதிலேயே போய்விட்டது. ஆரணியில் ஸ்கேன் எடுத்தவர்கள் வேலூருக்குப் போங்கள் என்றார்கள். வேலூரில் டாக்டரம்மா கட்டி பரவிவிட்டது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மணி மூன்று. இவள் இடையில் புகுந்து, "நீங்க சாப்டீங்களாம்மா? முகமே வாடிக்கீது" என்றாள். அந்த டாக்டரம்மா எழுந்து வெளியே போய்விட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தார்.

ஊசி போட்டார்கள், கரண்ட் வைத்தார்கள். வாரா வாரம் வேலூர் பஸ். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மொத்த பஸ்ஸுக்கும் ஜெபிப்பாள். "டிரைவருக்கு மட்டும் பண்ணு, மத்தவங்க தானா போய்ச் சேருவாங்க" என்பேன். திரும்பி வரும்போது வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். முடி கொட்டியது. முக்காடு போடுகிறவளானதால் வெளியே தெரியவில்லை. அதையும் ஒரு வசதியாகச் சொன்னாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள், "உன் ஆளு இன்னாதான் பண்ணிகினு இருக்காரு?" என்று கத்திவிட்டேன்.

"இருக்காரு" என்றாள்.

"இருந்து?"

"இருக்காருங்க. அவ்ளோதான்."

அந்தப் பதில் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

இனிமேல் வேலூர் வர வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகு ஒரு மத்தியானம் போதகர் ஜெபிக்க வந்தார். அவள் உள்ளறையில் கட்டிலில் இருந்தாள். நான் வெளியே தறியில் இருந்தேன். இழை ஒன்று அறுந்து, தறியை நிறுத்திவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் இல்லாததால் உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரே ஒரு தடவை திருவிருந்து குடுப்பீங்களா?"

அவ்வளவு பெரிய தொண்டைக்காரரான போதகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கே தெரியும் சிஸ்டர்" என்றார்.

"தெரியுங்கய்யா. சும்மா கேட்டுப் பாத்தேன்."

திருவிருந்து என்பது மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் கொடுப்பது. ஒரு துண்டு ரொட்டி, ஒரு மடக்குத் திராட்சை ரசம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதல் ஞாயிறு ஆராதனை முடிய நேரமாகும், நான் வெளியே கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதால் அது தெரியும். இத்தனை வருஷமும் அவள் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

போதகர் போனதும் கேட்டேன். "நீ அதைச் சாப்ட்டதே இல்லியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சாப்ட்டேன்."

"அப்புறம்?"

"அது ஒரு இதுங்க. வுடுங்க."

விடுகிறவனா நான்? மறுநாள் காலையிலேயே போதகர் வீட்டு வாசலில் போய் நின்றேன். லுங்கியோடு கையில் பல் பிரஷ்ஷோடு நின்றவரிடம், "எம் பொண்டாட்டிக்கு ஒரு துண்டு ரொட்டி குடுக்க இன்னா ஐயா கஷ்டம் உங்களுக்கு?" என்றேன்.

அவர் என்னை உள்ளே உட்காரவைத்துச் சொன்னார். விசுவாசி இல்லாதவரைக் கட்டிக்கொள்வதை அவர்கள் அந்நிய நுகம் என்கிறார்கள். அப்படிக் கட்டிக்கொண்டவர்களைச் சபையை விட்டுத் தள்ளுவதில்லை. பாடலாம், ஜெபிக்கலாம், காணிக்கை போடலாம். திருவிருந்து மட்டும் கிடையாது. அதற்கும் வழி இல்லாமல் இல்லை. ஒன்று, கட்டிக்கொண்ட புருஷனும் முழுக வேண்டும்.

"அதை ஏன் ஐயா எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல?"

"எப்ப முழுகப் போறீங்கன்னு பத்து வருஷமா கேட்டுகினுதானே இருக்கேன் பிரதர்?" என்றார்.

என் முகத்தில் அறைந்தது போலிருந்தது. யானைக்குட்டி, மூன்றாவது மாசம். எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன், எல்லாம் அவள் காதுபட.

"இன்னொரு வழி?" என்றேன்.

இன்னொரு வழி சுலபம் என்றார். சபைக்கு முன்னால் எழுந்து நின்று, இந்தக் கல்யாணம் செய்தது தப்பு என்று அறிக்கை செய்ய வேண்டும். புருஷனை விட்டுவிட வேண்டாம். கூடவே வாழலாம். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதமே திருவிருந்து. இதே போல் மூன்று நாலு பேர் சொல்லிவிட்டுச் சேர்ந்திருக்கிறார்கள்.

"வருஷா வருஷம் கூப்பிட்டுப் பேசினேன் பிரதர். ஒரே வார்த்தை, சிஸ்டர், சொல்லிடுங்கன்னேன். முதல் வருஷம், அந்நியப் பிணைப்புன்னு நான் விளக்கிகினு இருக்கும்போது, பிணைக்கறதுதான் ஐயா என் தொழில்னாங்க." சொல்லும்போது அவருக்கே பாதிச் சிரிப்பு வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மத்ததுல எல்லாம் அப்படிக் கீழ்ப்படியற சிஸ்டரு. இதுல மட்டும் அசைஞ்சே குடுக்கல."

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பிறவிக்குணம்.

"பைத்தியமாடி உனக்கு? தப்புன்னு சொல்லிட்டு வாங்கித் தின்ன வேண்டியதுதானே? எனக்கு இன்னா, கொறஞ்சா போயிடுவேன்?"

அவள் என்னிடம் எப்போதும் 'வாங்க போங்க'தான். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் நான் 'நீ' ஆகிவிடுவேன். அன்றைக்கு ஆனேன்.

"சபையில நின்னு பொய் சொல்லச் சொல்றியா நீ?"

"பொய் இன்னா இதுல?"

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டுத்தான் உன்னக் கட்டிகினேன். ஒரு மாசம் கேட்டேன், தெனமும் பாவு பிணைக்கச் சொல்லோ கேட்டேன். சரின்னாரு. இப்போ தப்புன்னா, யாரு தப்பு? அவரா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், "சரி, நான் முழுகிடறேன். நாளைக்கே முழுகிடறேன்" என்றேன்.

"நம்பறியா?"

அவளிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. "இல்ல" என்றேன்.

"அப்ப வூட்டுலயே குளி. தொட்டித் தண்ணி எதுக்கு வேஸ்ட்டா?" என்றாள். சிரித்தாள் வேறு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மரியாதைக்குத் திரும்பிவிட்டாள். "பாப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. சபை மேல கசப்பு வெச்சிகினா அதுக்குத்தான் நஷ்டம். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க." சொல்ல மாட்டேன் என்றேன்.

நான் போய்ச் சண்டை போட்டது போதகரை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மாலை வந்தார். கையில் ஒரு சின்னப் பை. அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லாமலே எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. ஜுரத்தில் கிடக்கிற குழந்தை ஐஸ் டப்பாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"சிஸ்டர், பொதுவா ஒண்ணு கேக்கறேன்" என்றார் போதகர். எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று வழி தேடிக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. "வாழ்க்கையில தப்பு பண்ணியிருக்கேன்னு ஒத்துக்கறீங்களா? ஆமான்னு தலையாட்டினாப் போதும்."

நான் மனசுக்குள் ஆட்டுடி, ஆட்டுடி என்றேன்.

"பொதுவான்னா நிறைய இருக்குதுங்கய்யா" என்றாள் மெதுவாக. "மாமியாரை மனசுக்குள்ள திட்டிகினே இருந்தேன். ஒரு தடவை சிக்குப் பாவுன்னு பொய் சொல்லிட்டு வேலைக்குப் போவாம தூங்கினேன். பாப்பாவ வெளக்குமாத்தால அடிச்சேன், ரெண்டு நாளு தழும்பு இருந்துச்சு. அப்பா சாவுக்குப் போகல. வரச்சொல்லல, அதான் போகல, ஆனாலும் போயிருக்கணும்." மூச்சு வாங்கினாள். "எல்லாத்துக்கும் மன்னிப்பு கேட்டுட்டேன். ஆனா இவரைக் கட்டிகினது அதுல இல்லீங்கய்யா. பொதுவுல அதையும் சேத்துடாதீங்க."

போதகர் பையைத் திறக்கவில்லை. பையின் வாரைச் சுற்றிச் சுற்றிக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். "நான் தனியா முடிவெடுக்கற விஷயம் இல்ல சிஸ்டர். மூப்பர்களைக் கலந்துட்டு அடுத்த வாரம் வரேன்" என்றார். அவள், "சரிங்கய்யா" என்றாள். வாசல்வரை கொண்டுவிடப் போனபோது அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போய்விட்டாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தது.

சபைக்காரர்கள் வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். என் அம்மா சுமங்கலியாகப் போனவள் என்று குங்குமமும் மல்லிகைப்பூவும் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் என் முகத்தைப் பார்த்தார்கள். வெள்ளையே இருக்கட்டும், பொட்டு வேண்டாம், ஆனால் தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கத்தினேன். நான் கத்தியதில் இரண்டு பக்கமும் அடங்கிவிட்டது. அடக்க ஆராதனையில் போதகர், நம் சகோதரி இன்றைக்குக் கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அங்கே மூப்பர்களைக் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகும் பாப்பா சபைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. அவள் அம்மாவை விட்டதுபோலவே அவளையும் பழையபடி வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஏழு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய காரியம். போதகரைப் பார்த்தால் ஸ்தோத்திரம் என்பார், வணக்கம் என்பேன். மாசக்கணக்கு அவரும் கேட்பதில்லை.

இந்த வருஷம் பாப்பா பிளஸ் டூ முடித்தாள். ஒருநாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஞானஸ்நானம் எடுக்கிறாளாம். பதினெட்டு ஆகாததால் அப்பா கையெழுத்து வேண்டும்.

"யார்னா சொன்னாங்களா எடுன்னு?"

"இல்லப்பா. நானா."

"நம்பறியா?"

"நம்பறேன்ப்பா."

பேனாவை எடுத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இருந்தது. உங்கம்மாவை என்ன செய்தார்கள் தெரியுமா என்று கேட்டிருந்தால் அந்தக் காகிதம் அப்போதே கிழிந்திருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பம்ப்செட் தொட்டியில் முழுகி எழுந்தாள். நான் துண்டோடு கரையில் நின்றேன். அடுத்த முதல் ஞாயிறு, "எனக்கு மொதல் திருவிருந்துப்பா. நீங்களும் உள்ள வாங்க, ஒரு நாளைக்கு" என்றாள். அவள் அம்மா ஒருநாளும் கூப்பிடாததால் நான் ஒருநாளும் போகாத கூடத்துக்குள் அன்றைக்குப் போனேன்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆண்கள் பக்கம் நடுவரிசையில் உட்கார்ந்தேன். பாடினார்கள், ஜெபித்தார்கள். பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. எவர்சில்வர் தட்டில் ரொட்டித் துண்டுகளோடு ஒரு மூப்பர் வரிசையாக வந்தார். பெண்கள் பக்கம் என் மகள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் வரிசைக்குத் தட்டு வந்தது. இடது பக்கத்துக்காரர் எடுத்துக்கொண்டார். தட்டு பழக்கத்தில் என் பக்கம் சாய்ந்தது. மூப்பர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சாரி பிரதர்" என்று காதருகில் சொல்லிவிட்டு, என் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டி வலது பக்கத்துக்காரரிடம் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு நொடி. அதற்குப் பிறகு கூடம் முழுக்க எல்லோர் கையிலும் ஒரு துண்டு இருந்தது, என் கையில் இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தேன், எடுத்தேன், மடியில் வைத்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

எனக்கு அந்த ரொட்டியில் ஆசை இல்லை, நம்பிக்கையும் இல்லை. எனக்கே இப்படி என்றால், அதையே உயிராக நினைத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பன்னிரண்டு வருஷம், மாதா மாதம், தெரிந்தவர்கள் நடுவில். தப்பு என்று மூன்றெழுத்து. எழுந்து சொல்லியிருந்தால் தட்டு அவளிடமும் நின்றிருக்கும். நான் தப்பு இல்லை என்பதற்காக அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வருவாள். நான் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு, "இன்னா இவ்ளோ நேரம், ஜல்தியா வா, கறிக்கடைய மூடிடுவான்" என்று கத்துவேன்.

"போலாங்க" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.